இதயத்தை நிறுத்த வழி கண்ட கிப்பன்: பைபாஸுக்குப் பிறகு மறதி ஏன் வருகிறது?

பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா, பேப்பரில் ஒரே செய்தியை இரண்டு தடவை படிக்கிறார். மாத்திரை போட்டாச்சா இல்லையான்னு நினைவில்லை. வழக்கமாக மனக்கணக்கில் போடுகிற பால் கணக்குக்கு இப்போ பேனா தேடுகிறார். ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான். ஆனாலும் பழைய மனுஷன் இல்லையேன்னு வீட்டில் ஒரு கவலை.

மருத்துவ வட்டாரத்தில் இதற்குப் 'பம்ப் ஹெட்' என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. அந்தப் பம்ப், அதாவது ஹார்ட்-லங் மெஷின், ஒரு தம்பதியின் சுமார் இருபது வருஷ உழைப்பில் வந்தது. அவர்கள் கதை தெரிந்தால், மறதிக்கான காரணமும் பாதி புரிந்துவிடும்.

கவிஞர் ஆக நினைத்தவர்

ஜான் ஹெய்ஷம் கிப்பன் 1903-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக டாக்டர் குடும்பம். அப்பாவும் சர்ஜன். மகனுக்கோ எழுத்தில்தான் ஆசை. மருத்துவம் படிக்கும்போதே பாதியில் விட்டுவிட்டு எழுதப் போகலாம் என்று யோசித்திருக்கிறார். டிகிரியை முடித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய் என்று அப்பா சொல்ல, 1927-ல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் முடித்தார். நம்ம ஊர் இன்ஜினியரிங் பையன்களுக்கு இந்த வசனம் பழக்கமானதுதான்.

1930-களின் தொடக்கம். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணுக்கு, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் பெரிய ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அதை எடுக்கிற ஆபரேஷனில் பிழைப்பது அபூர்வம். அதனால் வேறு வழியே இல்லை என்ற நிலை வரும்வரை கத்தி வைக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க பக்கத்தில் உட்கார்ந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே இருப்பதுதான் கிப்பனின் வேலை. காலையில் நிலைமை மோசமானதும் சில நிமிடங்களில் கட்டியை எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

கருத்துப்போன அந்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்ப ஒரு கருவி இருந்திருந்தால்? அந்த ராத்திரியில் வந்த எண்ணம் கிப்பனை விடவே இல்லை.

பூனைகளும் ஒரு பழைய பம்பும்

மூத்த டாக்டர்கள் யாரும் பெரிதாக உற்சாகப்படுத்தவில்லை. கூட நின்றவர் மேரி ஹாப்கின்சன். அதே ஆய்வகத்தின் டெக்னீஷியன். இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சில டாலருக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு காற்று பம்ப் வாங்கினார்கள். சோதனைக்குப் பூனை வேண்டும். ராத்திரி மீன் துண்டும் சாக்குமாக பாஸ்டன் தெருக்களில் இறங்கி, தெருப்பூனை பிடித்திருக்கிறார் மனுஷன்.

ரத்தம் ஒரு முரட்டுப் பொருள். உடம்பைவிட்டு வெளியே வந்து கண்ணாடியையோ உலோகத்தையோ தொட்டால் உறைய ஆரம்பிக்கும். உறையாமலிருக்க ஹெபாரின் கொடுக்க வேண்டும். பம்ப் அழுத்தினால் சிவப்பணுக்கள் உடையும். எல்லாவற்றையும்விட ஆபத்து, காற்றுக்குமிழி. ஒரு சின்னக் குமிழி மூளையின் நுண்ணிய ரத்தக்குழாயில் போய் மாட்டினால், அதற்கு அப்பால் ரத்தம் போகாது. அதனால் ரத்தத்தை மெல்லிய படலமாக வழியவிட்டு ஆக்சிஜன் ஏற்றும் முறையை கிப்பன் பிடித்துக்கொண்டார்.

1935-ல் ஒரு பூனையின் நுரையீரல் ரத்தக்குழாயை முழுசாக இறுக்கி மூடியும், இயந்திரம் அதன் உயிரைக் காப்பாற்றியது. கணவனும் மனைவியும் ஆய்வகத்திலேயே கட்டிப்பிடித்து ஆடினார்களாம்.

நடுவில் உலகப்போர், ராணுவ மருத்துவப் பணி. திரும்பி வந்ததும் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் உதவினார். கம்பெனி இன்ஜினியர்கள் இயந்திரத்தைப் பெரிதாகச் செய்து கொடுத்தார்கள்.

26 நிமிடங்கள்

1952-ல் முதல் முயற்சி, ஒரு கைக்குழந்தைக்கு. நோயைத் தவறாகக் கணித்திருந்ததால் குழந்தை இறந்துபோனது. 1953 மே 6-ல், இதயச் சுவரில் ஓட்டையிருந்த 18 வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன். 26 நிமிடங்கள் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் இயந்திரமே பார்த்தது. நடுவில் ஹெபாரின் போதாமல் இயந்திரத்துக்குள் ரத்தம் உறைய ஆரம்பித்து, எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. ஆனாலும் ஓட்டை மூடப்பட்டது. அந்தப் பெண் நலமாக வீடு திரும்பினார்.

அடுத்து ஆபரேஷன் செய்த குழந்தைகள் பிழைக்கவில்லை. கிப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. திறந்த இதய ஆபரேஷனை அதோடு விட்டுவிட்டார். தன் வெற்றியைக்கூட மினசோட்டா மாகாணத்தின் ஒரு சின்ன மருத்துவ இதழில்தான் எழுதினார். அவர் இயந்திரத்தை மாற்றியமைத்து 1955-ல் மேயோ கிளினிக்கில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் கிர்க்லின். முதல் எட்டுப் பேரில் நான்கு பேர் பிழைத்தார்கள்.

1967-ல் ஓய்வு பெற்ற கிப்பன் ஓவியம் வரைந்துகொண்டிருந்தார். 1973-ல் டென்னிஸ் ஆடும்போது மாரடைப்பில் இறந்தார்.

குமிழி திரும்ப வந்தது

கிப்பனின் இயந்திரம் விலை அதிகம், கழுவிச் சுத்தம் செய்வதும் பெரும்பாடு. அதே 1955-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டிவால், ரத்தத்துக்குள்ளேயே ஆக்சிஜனைக் குமிழியாக விட்டு, பிறகு அந்தக் குமிழிகளை நீக்கும் மலிவான முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க ஓபன் ஹார்ட் பரவியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் குமிழியை முழுசாக நீக்குவது லேசல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு சிலர் குழம்பிப்போவதை 1960-களிலேயே டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னாளில் குமிழி விடாத மெம்பரேன் முறையும், ரத்தம் திரும்பும் வழியில் வடிகட்டியும் வந்தன.

அப்போ பழி பம்ப் மேல்தானா? 2001-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வு அப்படித்தான் பயமுறுத்தியது. பைபாஸ் செய்த 261 பேரில், டிஸ்சார்ஜ் ஆகும்போது 53 சதவீதம் பேருக்கு நினைவாற்றல், கவனம் போன்றவற்றில் சரிவு. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாகக் குறைந்தது. ஐந்து வருஷத்தில் மறுபடி 42 சதவீதம். ஆனால் இதில் ஒரு ஓட்டை: ஆபரேஷன் செய்யாத இதய நோயாளிகளோடு ஒப்பிடவில்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் அதை ஒப்பிட்டபோது, நீண்ட காலத்தில் ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே சரிவு. நெதர்லாந்தில் பம்ப் இல்லாத பீட்டிங் ஹார்ட் முறையையும் பம்ப் முறையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து வருஷம் கழித்து இரண்டு பக்கமும் சுமார் பாதிப்பேருக்குச் சரிவு. இதயக் குழாயை அடைத்த அதே கொழுப்பும் சுகரும் பிபியும் மூளைக் குழாயையும் விட்டுவைப்பதில்லை. வருஷக்கணக்கில் வரும் மறதிக்கு இவைதான் பெரிய சந்தேகநபர் என்பது இப்போதைய பார்வை. பம்ப் வேண்டாம் என்று ஆபரேஷனையே தள்ளிப்போடுவது இந்தக் கணக்கில் நிற்காது.

வீட்டில் என்ன பார்க்கணும்?

முதல் சில நாளில் இரவு பகல் தெரியாமல் உளறுவது, இல்லாத ஆளைப் பார்ப்பது எல்லாம் டெலிரியம். வயதானவர்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிடுவது, ராத்திரி தூங்கவிடுவது, தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பது நிஜமாகவே உதவும். மந்தமும் மறதியும் பலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் குறையும். திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கைகால் வலுவிழந்தாலோ அது ஸ்ட்ரோக்காக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

தேதி குறித்த ஆபரேஷன் என்றால், அதற்கு முன்பே எளிய நினைவாற்றல் சோதனை ஒன்றைச் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலைதான். முன்பு எப்படி இருந்தது என்று தாளில் இருந்தால்தான், அப்பா நிஜமாகவே மாறிவிட்டாரா, இல்லை நாமே இப்போதுதான் உற்றுப் பார்க்கிறோமா என்று பிறகு சொல்ல முடியும்.