முதலில் பணிந்தவர்

சமய நூல் எதிலும் அல்ல, மாக்ஸ் வெபரின் சமூகவியல் நூலில்தான் ஜான் வெஸ்லியின் பெயரை முதன்முதலில் கண்டேன். உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைப் பெருக்கும்; பெருகிய செல்வமோ பக்தியை அரித்துவிடும் என்று வெஸ்லி கொண்ட அச்சத்தை வெபர் அதில் எடுத்துக்காட்டியிருப்பார். தம் இயக்கத்தின் வெற்றியைக் கண்டே கவலையுற்ற அம்மனிதர், பொருளியல் ஆசிரியனான என்னை அன்று முதல் ஈர்த்தார்.

1703-இல் இங்கிலாந்தின் எப்வர்த் என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார் வெஸ்லி. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். 1735-இல் சமயப் பணிக்காக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குச் சென்று, தோல்வியுடன் திரும்பினார். 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டமொன்றில் அவருடைய உள்ளம் புத்துயிர் பெற்றது.

உண்மையான சோதனை அடுத்த ஆண்டில் வந்தது. திறந்தவெளியில் மக்களிடம் பேச வருமாறு நண்பர் ஜார்ஜ் வைட்ஃபீல்டு பிரிஸ்டலுக்கு அழைத்தார். ஆலயத்துக்கு வெளியே போதிப்பதே தகாது என்று எண்ணி வளர்ந்தவர் வெஸ்லி. ஆயினும், தம் விருப்பத்தைவிட இறைவனின் அழைப்பே பெரிது எனத் துணிந்து, 1739 ஏப்ரல் 2 அன்று செங்கல் சூளைக்கருகே நின்று பேசினார். ஆலயங்கள் தேடிச் செல்லாத கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்களை அவர் தேடிச் சென்றார். பல ஊர்களில் கல்லெறியும் வசையும் கிடைத்தன. எனினும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பயணம் ஓயவில்லை.

அந்தப் பக்தி உணர்ச்சிவசமாக எழுந்து அடங்கிவிடவில்லை என்பதே என் வியப்பு. 1742-இல் பிரிஸ்டல் வழிபாட்டுக் கூடத்தின் கடனை அடைக்க, உறுப்பினர்கள் வாரம் ஒரு பென்னி தர முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அதை வசூலித்தார். அதற்காக வீடு வீடாகச் சென்றபோது குடி, சண்டை, வறுமை அனைத்தும் தெரியவந்தன. கடன் வசூல், ஒருவரையொருவர் தாங்கும் வாராந்திரக் குழுக்களாக மலர்ந்தது. 1746-இல் சிறு தொகையைத் திரட்டி, ஏழைகளுக்கு 20 ஷில்லிங் வரை கடன் கொடுத்து, மூன்று மாதத்தில் வாரத் தவணையாகத் திரும்பப் பெற்றார். இன்றைய சுயஉதவிக் குழுக்களை ஆராய்ந்த எனக்கு, அந்தக் கணக்குமுறை அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு நண்பர் குழுவில் ஒருவர் ஆண்டுக்கு 30 பவுண்டு ஈட்டி, 28-இல் வாழ்ந்து, 2 பவுண்டைத் தானம் செய்தார். வருவாய் 60 ஆனபோதும், 90 ஆனபோதும் அவர் செலவு 28-ஐத் தாண்டவில்லை. வெஸ்லி கூறிய அந்த ஒருவர் அவரே என்று கருதப்படுகிறது.

அவர் குறையற்றவர் அல்லர். இயக்கத்தில் தம் சொல்லே இறுதி என்றிருந்தார்; இல்லறத்திலும் அமைதி காணவில்லை. ஆனால், பிறரிடம் கேட்டதைத் தாமே முதலில் செய்தார். இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்புகூட, அடிமை வாணிபத்தை எதிர்த்துப் போராடுமாறு வில்லியம் வில்பர்ஃபோர்ஸை ஊக்குவித்துக் கடிதம் எழுதினார். 1791 மார்ச் 2 அன்று, 87-ஆவது வயதில் மறைந்தபோது, பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக அவரது இயக்கத்தினர் 70,000 பேருக்கு மேல் இருந்தனர்.

பணியில் சேர்ந்த நாள்முதல் என் வருவாய் பல மடங்கு உயர்ந்தது. செலவும் அதனுடனேயே உயர்ந்தது. தேவைக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிய நான், என் வாழ்வில் அந்தக் கோட்டை எங்கே வரைந்தேன்? சமுதாயம் ஆன்மிகத்தில் தழைக்கவில்லையே என வருந்தும் தலைவர்களும் ஆசிரியர்களும் முதலில் விடைகாண வேண்டிய கேள்வி இதுவே.