பொன்னை மிஞ்சிய செய்கூலி

நகை என்றதும் நம் பக்கத்தில் எழும் முதற் கேள்வி, எத்தனை பவுன் என்பதுதான். இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்குக் கல்யாண நகை வாங்கப் போகும் எங்கள் வீட்டார், செய்கூலி, சேதாரம் என்ற பேச்சு வந்தாலே முகம் சுளிப்பார்கள். அந்தச் செய்கூலியையே பெரும்பொருளாக்கிக் காட்டிய ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் ரஷிய நாட்டு நகை வணிகர் பீட்டர் கார்ல் ஃபாபர்ஜே.

1846 மே 30 அன்று பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை குஸ்தாவ் அங்கே நகைக்கடை வைத்திருந்தார். மகன் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றித் தொழில் கற்றுத் திரும்பி, 1872இல் கடைப் பொறுப்பை ஏற்றார். ஹெர்மிடேஜ் அரும்பொருட்சாலையின் பழைய அணிகலன்களைக் கூலி பெறாமல் பழுதுபார்த்தும் கொடுத்தார். பண்டைக் கைத்திறனின் நுட்பம் அங்கேதான் அவர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1885இல் ஜார் மூன்றாம் அலெக்சாண்டர், தம் அரசி மரியாவுக்கு ஈஸ்டர் பரிசாக ஒரு முட்டை செய்து தரச் சொன்னார். வெளியே வெள்ளை எனாமல் ஓடு. திறந்தால் பொன்னால் ஆன மஞ்சட்கரு. அதற்குள் ஒரு பொற்கோழி! ஆண்டுக்கொன்று என்பது வழக்கமாயிற்று. அவர் மகன் நிக்கோலஸ் தாய்க்கொன்று, மனைவிக்கொன்று என இரண்டாக்கினார். ஜப்பானியப் போர் நடந்த 1904, 1905 நீங்கலாக, 1916 வரை 50 முட்டைகள் அரண்மனை சேர்ந்தன.

எனாமல் வேலை எளிதன்று. பொன் தகட்டில் நுண்ணிய அலைக்கோடுகள் செதுக்கி, வண்ணக் கண்ணாடிப் பொடியைத் தடவி, 700, 800 டிகிரிச் சூட்டில் உருக்க வேண்டும். பிறகு மறுபூச்சு, மீண்டும் சூளை. ஒரு பூச்சு வெடித்தாலும் அத்தனை உழைப்பும் வீண்.

விராலிமலை மயில்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு 1908ஆம் ஆண்டு முட்டையே நெஞ்சில் நிற்கிறது. பளிங்கு முட்டைக்குள் பொன்மரம். மரத்தில் ஓர் எனாமல் மயில். எடுத்துச் சாவி கொடுத்து மேசையில் விட்டால் நடக்கும், தலை திருப்பும், தோகை விரிக்கும். இதற்காக டோரோஃபீவ் என்னும் தொழிலாளி மூன்றாண்டு உழைத்தாராம்!

ஆம், ஃபாபர்ஜே தம் கையால் இவற்றைச் செய்யவில்லை. பெர்கின், விக்ஸ்ட்ராம் முதலிய தலைமைக் கைவினைஞர்களே செய்தனர். அவர்கள் தத்தம் முத்திரையைப் பொருளில் பொறிக்க அவர் இடம் தந்தார். நம் ஊர் ஆசாரிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பேறு கிடைத்தது? எனினும் 1913ஆம் ஆண்டின் பனிக்கால முட்டையை வரைந்த ஆல்மா பில் என்னும் இளம்பெண்ணை உலகம் நெடுங்காலம் அறியவில்லை. அது குறைதான்.

1917 புரட்சியில் முடியாட்சி வீழ்ந்தது. மறு ஆண்டு தொழிற்சாலை அரசுடைமையாயிற்று. ஃபாபர்ஜே நாட்டைவிட்டுத் தப்பி, 1920 செப்டம்பர் 24 அன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.

முட்டைகள் பல நாடுகளுக்குச் சிதறின. 1887ஆம் ஆண்டு முட்டை அமெரிக்காவில் பழம்பொன் வணிகர் ஒருவர் கையில் சிக்கியது. உருக்கி விற்கலாம் என்று சுமார் 14,000 டாலருக்கு வாங்கியிருந்தார். எடைக்கு அந்த விலை மிகுதி என்று எவரும் வாங்கவில்லை. அதனாலேயே அது பிழைத்தது! 2014இல் அது இன்னதென்று உலகுக்குத் தெரிந்தபோது, பொன்னின் தரம் பார்க்கச் சுரண்டிய கீறல்கள் அதன்மேல் இருந்தன.