இரவல் இயந்திரங்களோடு பறந்த குர்ட் டாங்க்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு விமானங்களின் பெயர்களைச் சொல்லித்தரத் தேவையில்லை. இரைச்சல் கேட்டதும் வருவது சியாமாசெட்டியா, புக்காராவா, சகடையா என்று சின்னப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பங்கருக்குள் ஓட எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அந்தப் பதிலில்தான் இருந்தது. எங்கள் ஊரான கீரிமலைக்குக் கிழக்கே சில கிலோமீற்றர் தூரத்தில் பலாலி விமானத்தளம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது அது. 1990இல் வலிகாமம் வடக்கே காலியானபோது எங்கள் குடும்பமும் வெளியேறியது. அதே ஆண்டு நகுலேஸ்வரம் கோயில் விமானக் குண்டுவீச்சில் சேதமடைந்தது.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த நாட்களில்தான் இந்தப் பெயர்களின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன். சியாமாசெட்டி என்று நாங்கள் திரித்துச் சொன்னது சியாய் மார்கெட்டி என்ற இத்தாலிய நிறுவனத்தின் பெயர். முசோலினியின் விமானப்படைக்கு எஸ்.எம்.79 குண்டுவீச்சு விமானங்களைச் செய்துகொடுத்த நிறுவனம். 1985இல் இலங்கைக்கு வரத் தொடங்கிய அதன் எஸ்.எப்.260 உண்மையில் ஒரு பயிற்சி விமானம். அதன் டர்போபுரொப் வகையில் இருந்தது அமெரிக்க இயந்திரம். புக்காராவோ ஆர்ஜென்டீனாவின் கோர்டோபா நகரத்துத் தயாரிப்பு. அதற்குப் பிரெஞ்சு இயந்திரம். கோர்டோபா தொழிற்சாலையின் பழைய கதையைப் படிக்கும்போது எதிர்ப்பட்டவர்தான் குர்ட் டாங்க்.

1898இல் புரோம்பேர்க்கில் பிறந்தார். அப்போது ஜேர்மனியில் இருந்த அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் குதிரைப்படையில் இருந்துவிட்டு, பெர்லினில் பொறியியல் படித்தார். 1931இல் போக்கே-வூல்ப் நிறுவனத்தில் சேர்ந்தார். தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. 1938இல் அவருடைய கொண்டோர் பயணிகள் விமானம் பெர்லினிலிருந்து நியூயோர்க்குக்கு எங்கும் தரிக்காமல் பறந்தது.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1939இல் முதன்முதலாகப் பறந்த எப்.டபிள்யூ.190. அன்றைய ஜேர்மனியின் சிறந்த போர் விமான இயந்திரமான டைம்லர்-பென்ஸ், மெசர்ஸ்மிட் 109 விமானத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. டாங்க் அதற்காகக் காத்திருக்கவில்லை. போர் விமானத்துக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கிய, காற்றால் குளிரும் பி.எம்.டபிள்யூ. இயந்திரத்தைச் சுற்றி விமானத்தை வரைந்தார். பந்தயக் குதிரையை விட, சேற்றிலும் நிற்கக்கூடிய படைக்குதிரையே தேவை என்பது குதிரைப்படையில் இருந்தவருடைய எண்ணம். 1941இல் அது களத்துக்கு வந்தபோது பிரித்தானியாவின் ஸ்பிட்பயர் 5 அதன் முன் தடுமாறியது. மொத்தம் 20,000க்கு மேல் செய்யப்பட்டன. அந்தத் தொழிற்சாலைகளில் பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள். விமான ஆர்வலர்கள் எழுதும் டாங்க் புகழ்ச்சிகளில் இந்த வரியை நான் அதிகம் காண்பதில்லை.

ஜேர்மனியின் கூட்டாளியான இத்தாலியின் நிலை வேறு. அங்கே உடலை வரைய மக்கி நிறுவனத்தின் கஸ்டோல்டி, பியட்டின் கப்ரியெல்லி போன்ற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். இயந்திரம்தான் இல்லை. சொந்தத் தயாரிப்பான பியட் ஏ.74 தந்தது சுமார் 840 குதிரைவலு. எதிரியிடம் இருந்தவை 1,000ஐத் தாண்டியவை. டைம்லர்-பென்ஸ் இயந்திரத்தைப் பொருத்தியதும் கஸ்டோல்டியின் அதே பழைய வடிவம் மக்கி 202 என்ற வேறொரு விமானமாகிவிட்டது. ஆனால் அந்த இயந்திரத்தை அனுமதி பெற்று இத்தாலியில் செய்த அல்பா ரோமியோவால் வேண்டிய வேகத்தில் கொடுக்க முடியவில்லை. இயந்திரம் வந்த அளவுக்குத்தான் விமானம் வந்தது.

1943இன் தொடக்கத்தில் கதை தலைகீழானது. கப்ரியெல்லியின் பியட் ஜி.55ஐ ஜேர்மானியர்கள் தங்கள் விமானங்களோடு ஓட்டி ஒப்பிட்டார்கள். அது நல்ல விமானம் என்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை. தாங்களே செய்யலாமா என்றும் யோசித்தார்கள். டாங்கும் டூரினுக்குப் போய்ப் பார்த்துப் பாராட்டினார். ஆனால் ஒரு ஜி.55 செய்ய ஏறக்குறைய 15,000 மனித மணித்தியாலங்கள் பிடித்தன. மெசர்ஸ்மிட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். திட்டம் கைவிடப்பட்டது. அந்நிய விமானம் என்ற வீம்பை விட இந்தக் கணக்கே அதைத் தோற்கடித்தது என்று நினைக்கிறேன்.

போர் முடிந்ததும் வென்ற நாடுகள் ஜேர்மன் பொறியியலாளர்களை வலைவீசித் தேடின. டாங்க் 1947இல் பெட்ரோ மத்தீஸ் என்ற பெயரில் ஆர்ஜென்டீனாவுக்குப் போனார். தன் பழைய ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, கோர்டோபாவில் ஜனாதிபதி பெரோனுக்காகப் புல்கி 2 என்ற ஜெட் போர் விமானத்தைச் செய்தார். 1950இல் அது பறந்தது. இயந்திரம் பிரித்தானியாவின் றோல்ஸ் றொய்ஸ் நீன். சோதனைப் பறப்புகளில் விமானிகள் உயிரிழந்தார்கள். டாங்க்கும் தானே ஏறி ஓட்டினார். அவர் அங்கே பாடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஆர்ஜென்டீன விமானப்படையிடம் இத்தாலியிலிருந்து வாங்கிய அதே ஜி.55 விமானங்களும் இருந்தன! மாதிரிகள் ஐந்தோடு புல்கி நின்றது. 1955இல் பெரோன் வீழ்ந்தார், டாங்க் குழு சிதறியது. ஆர்ஜென்டீனா பின்னர் அமெரிக்க சேபர்களை வாங்கிக்கொண்டது. கோர்டோபா புக்காராவைச் செய்தது அவர் போய்ப் பல ஆண்டுகள் கழித்து. அதில் அவருக்குப் பங்கில்லை.

அடுத்த முகவரி எங்களுக்கு அக்கரைதான். 1956இல் டாங்க் இந்தியாவுக்கு வந்தார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்போது மாணவராக இருந்தவர் அப்துல் கலாம். அவர் தன் சுயசரிதையில் அங்கிருந்த பேராசிரியர்களில் ஒருவராக டாங்க்கைக் குறிப்பிடுகிறார். தனக்கு வானூர்தியியல் கற்பித்த ஆஸ்திரியரான ஸ்பொண்டர், நாஜி வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்தவர் என்பதையும் ஜேர்மானியர்கள் மீது அவருக்கிருந்த வெறுப்பையும் அதே இடத்தில் சொல்கிறார். முகாமிலிருந்து தப்பியவரும், ஹிட்லரின் விமானப்படைக்கு விமானம் வரைந்தவரும் ஒரே கல்லூரியில்! டாங்க்கைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இந்த இடம்தான்.

பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அவர் வடிவமைத்தது எச்.எப்.24 மாருத். ஒலியை விட இரு மடங்கு வேகம் என்பது இந்திய விமானப்படையின் கனவு. 1959இல் இயந்திரமே இல்லாத முழு அளவு மர மாதிரியை இழுத்துச்சென்று பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் மாருத்தை ஓட்டினார். உடல் சரியாக வந்திருந்தது. அதற்கென எதிர்பார்த்த, பின்னெரிப்புக் கொண்ட பிரிஸ்டல் ஓர்பியஸ் 12 இயந்திரம் வரவில்லை. பிரித்தானிய அரசு அதன் உருவாக்கத்துக்குக் காசு கொடுக்க மறுத்தது, இந்தியாவும் கொடுக்கவில்லை. வலுக்குறைந்த ஓர்பியஸ் 703ஐ இரண்டாகப் பொருத்தினார்கள். சோவியத் இயந்திரம், எகிப்தில் உருவான இயந்திரம் என்று தேடியதும் பலிக்கவில்லை. நேர்ப்பறப்பில் மாருத் ஒலியின் வேகத்தையே தாண்டவில்லை. 1962இல் இந்தியா சோவியத்தின் மிக் 21 பக்கம் சாய்ந்தது. மிச்சம் பிடித்த அந்தக் காசு இந்தியாவுக்கு எவ்வளவு விலையானது என்பதற்கு இன்றைய தேஜஸ் விமானத்திலும் சாட்சி உண்டு. அதற்கென உள்நாட்டில் தொடங்கிய காவேரி இயந்திரம் கைகொடுக்காமல், அமெரிக்க இயந்திரத்தோடுதான் பறக்கிறது.

ஆனாலும் மாருத்தைத் தோல்வி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தாழப் பறந்து தாக்கின. ஒரு இயந்திரம் அடிபட்டும் மற்றதால் தளம் திரும்பியவை உண்டு. டாங்க் கேட்ட படைக்குதிரை அதுதான். அந்தப் போரை அவர் இந்தியாவில் இருந்து பார்க்கவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியிலேயே ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டார். வலுக்கூட்டிய இயந்திரத்தோடு மாருத்தைச் சோதித்தபோது, 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார்.

குர்ட் டாங்க் 1983 ஜூன் 5 அன்று மியூனிக்கில் காலமானார். மாருத் அப்போதும் பறந்துகொண்டிருந்தது, அதே வலுக்குறைந்த ஓர்பியஸ் 703 இயந்திரங்களோடு.