துணைவரை உயர்த்திய தலைவர்: பாண்டித்துரைத் தேவர்

ஓர் அமைப்பின் சிறப்பை அதன் தலைவர் எவ்வளவு உயர்ந்தவர் என்பதைக் கொண்டு அளப்பது வழக்கம். அவருக்குத் துணையாகப் பணியாற்றியோர் எவ்வளவு உயர்ந்தனர் என்பதும் அதற்கு ஓர் அளவுகோலாகும். இவ்வளவுகோலுக்குத் தக்க சான்றாக விளங்குபவர், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர்.

பிறப்பும் கல்வியும்

பாண்டித்துரையார் 1867-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமித் தேவர் சேதுபதி மரபினர், புலவர்களைப் போற்றியவர், ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர். தந்தையை இளமையிலேயே இழந்த பாண்டித்துரையார், சதாவதானம் முத்துசாமி ஐயங்கார் உள்ளிட்ட ஆசிரியர்களிடம் தமிழ் பயின்றார். பின்னர்ப் பாலவனத்தம் சமீன்தாராகப் பொறுப்பேற்றார். உ.வே. சாமிநாதையரின் பதிப்புப் பணிக்கும் பொருளுதவி செய்தார்.

பரிசிலும் பணியும்

அக்காலத்தில் தமிழ்ப்புலவர் பலரும் வள்ளல்களை அண்டியே வாழ்ந்தனர். வள்ளல் மறைந்தால் புலவரின் வாழ்வும் நிலைகுலையும். வள்ளலின் மனம் மாறினாலும் அதே நிலைதான். பரிசில் எவ்வளவு பெரிதாயினும் அது கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. கற்றவருக்கு வேண்டுவது பரிசிலோடு நின்றுவிடுவதில்லை. நிலையான பணியும், அப்பணிக்குரிய பொறுப்பும், அதைத் தம் அறிவின்படி ஆற்றும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

மதுரைக்கு வந்த பாண்டித்துரையார், சொற்பொழிவு ஒன்றின்பொருட்டுத் திருக்குறளும் கம்பராமாயணமும் தேடியபோது, அவை எளிதில் கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே சங்கம் தோன்றத் தூண்டுகோலாயிற்று என்றும் கூறுவர். 1901-ஆம் ஆண்டு மே மாதம் மதுரையில் கூடிய அறிஞர்களிடையே தம் கருத்தை அவர் முன்வைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பெற்றது. செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம் ஆகியவை அதன் உறுப்புகளாயின. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனத் தேர்வுகளும் நடத்தப்பட்டன. புலவர்கள் ஆசிரியர்களாகவும் பதிப்பாளர்களாகவும் இதழாசிரியர்களாகவும் பணியாற்றும் நிலை இவற்றால் உருவாயிற்று.

பொறுப்பை ஒப்படைத்தல்

1902-ஆம் ஆண்டு இறுதியில் ‘செந்தமிழ்’ இதழ் வெளிவரத் தொடங்கியது. பாண்டித்துரையார் தாமே தமிழ்ப் புலமை மிக்கவர். ‘பன்னூற்றிரட்டு’ என்னும் தொகுப்பு நூலை உருவாக்கியவர். சங்கத்தின் தலைவராகவும் அதற்குப் பொருளுதவும் வள்ளலாகவும் விளங்கிய அவர், இதழாசிரியர் பொறுப்பையும் தம்மிடம் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால், அப்பொறுப்பை இரா. இராகவையங்காரிடம் அளித்தார். அவருக்குப்பின் மு. இராகவையங்கார் ஆசிரியரானார்.

மு. இராகவையங்கார், பாண்டித்துரையாருக்குத் தமிழ் கற்பித்த முத்துசாமி ஐயங்காரின் மைந்தர். இளமையில் தந்தையை இழந்த அவரைப் பாண்டித்துரையார் ஆதரித்து வளர்த்தார். ஆசிரியருக்குப் பட்ட கடனை அவர்தம் மகனுக்குச் செய்யும் உதவியால் தீர்த்தார் எனலாம். எனினும் அவ்வுதவி உணவோடும் உறைவிடத்தோடும் நிற்கவில்லை. கலாசாலையில் பணியும் இதழில் பொறுப்பும் பெற்ற அவ்விளைஞர், ‘வேளிர் வரலாறு’ முதலிய ஆராய்ச்சிகளால் புகழ்பெற்றார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணியிலும் சிறந்து விளங்கினார்.

பிறர் உழைப்புக்குப் பிறர் பெயர்

சென்னைப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், பல்லாண்டு உழைத்து ‘அபிதான சிந்தாமணி’ என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். அதனை அச்சிடப் பொருளின்றி வருந்திய அவருக்குப் பாண்டித்துரையார் துணைநின்றார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல், 1910-ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. பொருள் தந்தவர் ஒருவர், உழைத்தவர் மற்றொருவர். நூலின் ஆசிரியராக நிலைத்தது உழைத்தவரின் பெயரே.

1906-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது பாண்டித்துரையார் அதன் தலைவரானார், வ.உ. சிதம்பரனார் உதவிச் செயலராக இருந்தார். பதவி வரிசையில் உதவிச் செயலர் கீழ்நிலையில் இருப்பவர். ஆயினும், அந்நிறுவனத்தை நினைக்கும்போது மக்கள் மனத்தில் முதலில் தோன்றுவது சிதம்பரனாரின் பெயரே. உழைப்பின் சிறப்பைப் பதவியின் பெயர் மறைத்துவிட முடியாது என்பதை இது காட்டுகிறது.

தலைவருக்குப் பின்

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் பாண்டித்துரையார் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்து நான்கு. ஒருவரையே நம்பி இயங்கும் அமைப்பு, அவர் மறைவோடு தளர்ந்துவிடுதல் இயல்பு. மதுரைத் தமிழ்ச் சங்கமோ அவ்வாறு ஓய்ந்துவிடவில்லை. கலாசாலையில் ஆசிரியராக விளங்கிய திரு. நாராயணையங்கார் ‘செந்தமிழ்’ இதழை நெடுங்காலம் நடத்தினார். கலாசாலை வளர்ந்து செந்தமிழ்க் கல்லூரியாயிற்று. மதுரைத் தமிழ்ச் சங்கச் சாலையில் அச்சங்கம் இன்றும் நிலைபெற்றிருக்கிறது.

பள்ளியாயினும் அலுவலகமாயினும், தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தமக்கு அடுத்த நிலையில் உள்ளோருக்கு வேலையை மட்டும் பகிர்ந்தளித்தால் போதாது. முடிவெடுக்கும் உரிமையையும், செய்த பணிக்குரிய பெயரையும் சேர்த்தே அளித்தல் வேண்டும். அதுவே நேர்மையான தலைமை. அத்தகைய தலைமை, தலைவரின் வாழ்நாளைக் கடந்தும் பயன்தரும் என்பதைப் பாண்டித்துரையாரின் வரலாறு உணர்த்துகிறது.