மஞ்சட் பனிக்கட்டி கண்ட மாணாக்கர்

தை மாத விடியலில் நுவரெலியாப் பக்கத்து உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்குதலை உடப்புசல்லாவையில் வாழும் நாம் அறிவோம். நீர் 0 பாகையில் உறையும். ஆயின் வாயுவைத் தன்னுள்ளே சிறைப்படுத்திக்கொண்டு, அதனினும் மிக்க வெப்பநிலையில் நீர் திண்மமாதலும் உண்டு. ஐதரேற்று எனப்படும் அப்பொருளின் கூறுகளை அளந்தறிந்தவர் மைக்கேல் பரடே.

1791இல் இலண்டனை அடுத்த ஊரொன்றில் ஏழைக் கொல்லரின் மகனாய்ப் பிறந்தார். புத்தகம் கட்டுவோரிடம் ஏழாண்டு தொழில் பயின்றார். கட்ட வந்த நூல்களே அவருக்குப் பள்ளிக்கூடம். 1812இல் சேர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டெழுதி, அவ்வேட்டைத் தம் கையாலே கட்டி அவருக்கு அனுப்பினார். மறுவருடம் அவருடைய உதவியாளரானார்.

குளோரீனைக் குளிரூட்டத் தோன்றும் மஞ்சட் பளிங்கு தூய குளோரீனன்று, நீரோடு கூடியது என்பதை டேவி முன்னரே கண்டிருந்தார். 1823இன் கடுங்குளிரில் பரடே அதனை ஆராய்ந்து, குளோரீன் ஒரு பங்குக்கு நீர் ஏறத்தாழப் பத்துப் பங்கெனக் கணித்தார். பின்னர் டேவி சொற்படி, மூடிய கண்ணாடிக் குழாயிலிட்டுச் சூடாக்கினார். எண்ணெய் போன்ற துளிகள் திரண்டன. பார்க்க வந்த மருத்துவர் பாரிஸ், அழுக்குக் குழாயென்று கேலி செய்தார். குழாயை அரத்தால் அராவியதும் அது வெடித்தது, துளிகள் மறைந்தன. அவை திரவக் குளோரீன்! இத்தகைய சோதனையொன்றிலே 13 கண்ணாடிச் சில்லுகள் அவர் கண்ணிற் பாய்ந்தன.

கண் ஆறியது. ஆனால் பரடேயின் கட்டுரையோடு டேவி தம் குறிப்பொன்றைச் சேர்த்து, சோதனைக்குத் தூண்டியவர் தாமே எனக் காட்டினார். 1824இல் அரச கழகம் பரடேயை அங்கத்தவராகத் தெரிந்தெடுத்தபோது, தலைவராயிருந்த டேவி அதனை எதிர்த்தார். ஆசிரியத் தொழிலில் நரை கண்ட எனக்கு இவ்விடம் படிக்குந்தோறும் உறுத்தும். மாணாக்கரோ டேவியை மதித்தே பேசிவந்தார்.

1831இல் அவர் கண்ட மின்தூண்டலே, 1950இல் லக்சபான மின்னிலையம் நம் மலைநாட்டில் ஒளியேற்ற வழிசெய்தது. 1867இல் அவர் மறைந்த காலத்தும் ஐதரேற்று ஆய்வுகூடத்துப் புதுமையாகவே இருந்தது.

1934இல் அமெரிக்கரான ஹமர்ஸ்மிட், இயற்கை வாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனிக்கட்டியன்று, ஐதரேற்றே என்று காட்டினார். வளிமண்டல அமுக்கத்தின் நாற்பது மடங்கில், மெதேன் வாயு ஏறத்தாழ 4 பாகையிலேயே நீரோடு கூடி இவ்வாறு திண்மமாகும். ஆதலின் பொறியியலாளர் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் கொண்டு அடைப்பை முன்னறிவர். வாயுவின் ஈரத்தைப் போக்கியோ, குழாயைச் சூடேற்றியோ, மெதனோல் அல்லது கிளைக்கோல் செலுத்தியோ அதனைத் தடுப்பர். 2006இல் கிருஷ்ணா-கோதாவரிக் கடலடியிலும் அவ்வெண்பனி அகப்பட்டது.