நடிகர்களை கும்பிடாதீர்கள் என்று ரசிகர்களிடமே சொன்ன நடிகவேள் எம்.ஆர்.ராதா

நடிகன் காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறான், நீங்கள் காசு கொடுத்து பார்க்கிறீர்கள், கணக்கு அதோடு முடிந்தது. அவன் படத்தை வீட்டில் மாட்டி வைத்து கும்பிட என்ன இருக்கிறது?

இப்படி கேட்டவர் சினிமாவை பிடிக்காத சாமியார் இல்லை. 1960-களில் ஒரே ஆண்டில் கை நிறைய படங்களை வைத்திருந்த நடிகவேள் எம்.ஆர்.ராதா. அதையும் மேடை ஏறி, தன்னை பார்க்க கூடிய ரசிகர்களின் முகத்துக்கு நேராகவே சொன்னார். கூட்டம் கோபப்படவில்லை. கை தட்டியது!

மீன் துண்டும் எழும்பூர் ரெயில் நிலையமும்

ராதாவின் முழு பெயர் ராதாகிருஷ்ணன். 1907-ல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். அப்பா ராஜகோபால் நாயுடு ராணுவ சிப்பாய். முதல் உலகப்போரில் இறந்து போனார். குடும்பம் தாயார் தலையில் விழுந்தது.

சின்ன வயதில் சாப்பாட்டில் இன்னொரு மீன் துண்டு கேட்டு, தாயார் திட்டியதால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார் என்று சொல்வார்கள். எழும்பூர் ரெயில் நிலையத்தில் மூட்டை தூக்கிக் கொண்டிருந்த பையனை ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு பார்த்தார். தன் நாடக கம்பெனிக்கு கூட்டிப்போனார்.

கலை ஆர்வம், சரஸ்வதி கடாட்சம் என்று எதுவும் கிடையாது. வயிற்றுக்கு சோறு கிடைத்தது, அவ்வளவுதான். பிற்காலத்தில் நடிப்பை ஒரு தெய்வீக தொழிலாக யாராவது புகழ்ந்தால் ராதா கிண்டல் செய்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். மூட்டை தூக்குவது போல இதுவும் ஒரு பொழப்பு. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

நாடக கம்பெனிகளில் அவர் நடிப்பு மட்டும் பழகவில்லை. எலெக்ட்ரிக் வேலை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் கற்றுக்கொண்டார். "இழந்த காதல்" நாடகத்தில் வரும் சவுக்கடி காட்சி அவரை ஊர் ஊராக பேச வைத்தது. ஜனங்களுக்கு முதுகை காட்டியபடியே அந்த காட்சியில் வசனம் பேசுவார். அந்தக் காலத்தில் முகத்தை காட்டாமல் நடித்து கைதட்டல் வாங்க தனி தைரியம் வேண்டும்.

சினிமாவுக்கு ஒரு கும்பிடு

1937-ல் "ராஜசேகரன்" படத்தில் சினிமாவுக்கு வந்தார். தாவிக் குதிக்கும் காட்சியில் காலில் பலத்த அடி. அதன் பிறகு சில படங்களில் நடித்து பார்த்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களும் அதில் உண்டு. ஆனால் மனசு ஒட்டவில்லை. 1940-களின் தொடக்கத்தில் சினிமாவே வேண்டாம் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாடகத்துக்கு திரும்பி விட்டார்.

மற்ற நடிகர்கள் நாடகத்தை விட்டு சினிமாவுக்கு ஓடிய நேரம் அது. ராதா எதிர் திசையில் ஓடினார். சுமார் 10 வருடம் அந்த பக்கமே தலை வைத்து படுக்கவில்லை.

இடையில் பெரியாரின் கொள்கை அவரை பிடித்துக்கொண்டது. "விமலா அல்லது விதவையின் கண்ணீர்", "போர்வாள்", "தூக்குமேடை", "ரத்தக்கண்ணீர்" என்று நாடகங்கள் வரிசையாக வந்தன. நாடகத்துக்கு நடுவே அன்றைய பேப்பரில் வந்த செய்தியை இழுத்துவிட்டு கிண்டல் செய்வார். ஒரு நாடகத்துக்கு தடை போட்டால், அதையே வேறு பெயரில் நடத்துவார். கைது, ஜெயில் எல்லாம் சாதாரணம்.

அவருடைய ராமாயண நாடகம் பெரிய கலவரத்தை கிளப்பியது. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவே வேண்டாம், அவர்கள் காசும் தனக்கு தேவை இல்லை என்று விளம்பரத்திலேயே போட்டார். 1954-ல் சென்னை சட்டசபையில் நாடக கட்டுப்பாட்டு சட்டம் வந்தது. அது ராதாவை குறிவைத்த சட்டம் என்றே பேசப்பட்டது.

இரவில் மட்டும் படப்பிடிப்பு

அதே 1954-ல் "ரத்தக்கண்ணீர்" படமாக வந்தது. தயாரித்தவர் "பராசக்தி"யை எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார். கதை, வசனம் திருவாரூர் தங்கராசு. டைரக்ஷன் கிருஷ்ணன்-பஞ்சு.

ராதா சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாடகத்தை நிறுத்த முடியாது, அது முடிந்த பிறகு இரவில்தான் நடிக்க வருவேன் என்றார். சம்பளத்திலும் ஒரு போடு போட்டார். 1935-ல் "நந்தனார்" படத்துக்கு கே.பி.சுந்தராம்பாள் ரூ.1 லட்சம் வாங்கி சாதனை செய்திருந்தார். அதைவிட ரூ.25 ஆயிரம் கூடுதலாக ராதா கேட்டார் என்று சினிமா உலகில் சொல்வது உண்டு.

சினிமாவை மதிக்காதவர் சினிமாவிடம் இவ்வளவு கறாராக காசு கேட்கலாமா? கேட்கலாம் என்பதுதான் ராதா நியாயம். கூலி வேலை என்றால் கூலியை சரியாக வாங்க வேண்டும் அல்லவா!

படத்தில் அவர் ஏற்ற மோகன் வேடம் யாரும் செய்ய பயப்படும் வேடம். வெளிநாடு போய் வந்து, தாசி வீடே கதி என்று கிடந்து, கடைசியில் தொழுநோய் பிடித்து தெருவில் பிச்சை எடுக்கிறான். மனைவியை தன் நண்பனுக்கே மறுமணம் செய்து வைக்கிறான். நோயில் அழுகிய தன் உருவத்தையே சிலையாக வைக்க சொல்கிறான். கதாநாயகன் சிலை எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்த ஜனங்களுக்கு அது ஒரு அதிர்ச்சி. படம் சக்கை போடு போட்டது. எம்.என்.ராஜம், ஸ்ரீரஞ்சனி, எஸ்.எஸ்.ராஜேந்திரன் எல்லோரும் நன்றாக செய்தார்கள். ஆனால் நாடகத்தை பார்த்தவர்கள் படத்தையும், படத்தை பார்த்தவர்கள் நாடகத்தையும் தேடி வந்தது ராதாவின் அந்த கரகர குரலுக்காகத்தான்.

இம்பாலா காரில் வைக்கோல்

அதன் பிறகு அவர் இல்லாத படம் குறைவு. "பாகப்பிரிவினை", "பாவமன்னிப்பு", "பாலும் பழமும்", "பலே பாண்டியா", "கற்பகம்" என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

நடிகர்களுக்குள் பெரிய அந்தஸ்தாக இருந்த இம்பாலா காரை ராதாவும் வாங்கினார். வாங்கி, அதில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினார். இந்த சம்பவத்தை கோடம்பாக்கத்தில் சொல்லி சொல்லி சிரிப்பார்கள். கார் சாமான் ஏற்றத்தானே, அதற்கு மாலை போட்டு பூஜையா செய்வார்கள் என்பது போல இருந்தது அவர் செய்கை. நடிகனும் அவருக்கு அப்படித்தான்.

சினிமாவை நாட்டை பிடித்த நோய்களில் ஒன்றாக சொன்னவர் பெரியார். அந்த பெரியாரே சென்னை வேப்பேரி பெரியார் திடலில் மன்றம் கட்டி அதற்கு ராதா பெயரை வைத்தார். ஒரு நடிகருக்கு அவர் கொடுத்த இந்த மரியாதை சாதாரணமானது அல்ல.

துப்பாக்கி வெடித்தது

1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். வீடு. "பெற்றால்தான் பிள்ளையா" பட அதிபர் வாசுவுடன் ராதா அங்கு போனார். பேச்சு நடந்து கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு காது அருகே குண்டு பாய்ந்தது. ராதா உடம்பிலும் குண்டு. இருவரும் உயிர் பிழைத்தது அதிசயம்தான்.

செய்தி கேட்டு ஆஸ்பத்திரி முன்பு ஜனங்கள் கடலாக திரண்டார்கள். அழுதார்கள், ஆத்திரத்தில் கொதித்தார்கள். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆர். படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலை தொகுதியில் அவர் ஜெயித்தார். தி.மு.க. ஆட்சியை பிடித்தது.

நடிகனை தலையில் தூக்கி வைக்காதே என்று ஊர் ஊராக சொல்லி வந்தவர் ராதா. ஒரு நடிகரை ஜனங்கள் முன்பை விட பல மடங்கு உயரத்தில் தூக்கி வைக்க அவர் கை துப்பாக்கியே வழி செய்துவிட்டது. அவர் செய்தது பெரிய குற்றம். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடம் இல்லை.

கோர்ட்டில் எம்.ஜி.ஆரே தன்னை சுட்டதாக ராதா தரப்பு வாதாடியது. அது எடுபடவில்லை. 1967 நவம்பரில் 7 ஆண்டு கடுங்காவல் தண்டனை. அப்பீலில் தண்டனை குறைந்து 1971-ல் வெளியே வந்தார். பிறகு எழுத்தாளர் விந்தனிடம் தன் கதையை ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். "சிறைச்சாலை சிந்தனைகள்" என்று வந்த அந்த தொடரில் நாடக முதலாளிகள், சக நடிகர்கள் யாரையும் விட்டு வைக்கவில்லை. தன்னையும்தான்.

ஜெயில் அவர் வாயை அடைக்கவில்லை. மலேசியாவுக்கு போனபோது அங்குள்ள தமிழர்கள் மத்தியிலும் அதையே பேசினார். நாங்கள் கூத்தாடிகள், எங்களை தலைவராக்காதீர்கள், பிள்ளைகளை படிக்க வையுங்கள் என்ற ரீதியில் போட்டு உடைத்தார். அந்த பேச்சு கேசட்டாக கை மாறி கை மாறி ஓடியது. நெருக்கடி நிலை காலத்தில் மிசா சட்டத்தில் மறுபடியும் ஜெயிலுக்கு போய் வந்தார்.

1977-ல் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சர் ஆனார். அதை ராதா பார்த்துவிட்டுத்தான் போனார். மகன் எம்.ஆர்.ஆர்.வாசு ஏற்கனவே நடிகர். 1978-ல் மகள் ராதிகா "கிழக்கே போகும் ரெயில்" படத்தில் கதாநாயகி ஆனார். ராதாரவியும் நிரோஷாவும் அதே வழியில் வந்தார்கள். அப்பா திட்டிய தொழில்தான் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது.

மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்ட எம்.ஆர்.ராதா, 1979 செப்டம்பர் 17-ந்தேதி திருச்சியில் காலமானார். வயது 72. அன்று பெரியாரின் 100-வது பிறந்த நாள்.