முகக்கவரி போடச் சொன்ன பினாங்கு டாக்டர்: யார் இந்த வூ லியன் தே?

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததும் ஜொகூர் பாலம் வெறிச்சோடியது. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள், வேலையா குடும்பமா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. முகக்கவரி, தனிமைப்படுத்துதல், பயணத் தடை எல்லாமே நமக்குப் புதுசு. ஆனால், சுமார் 110 ஆண்டுகளுக்கு முன்பே இவற்றைச் செய்து காட்டியவர் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே.

ஏன் சீனா போனார்?

1879-இல் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டரானார். 1903-இல் திரும்பி வந்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார்.

ஆனால், வெள்ளையர் அல்லாதவருக்கு அன்றைய காலனித்துவ அரசின் மருத்துவச் சேவையில் உயர் பதவி கிடையாது. எவ்வளவு படித்திருந்தாலும் அதே கதைதான். பினாங்கில் சொந்தமாக கிளினிக் நடத்தினார். அபினுக்கு எதிராகப் போராடினார். 1908-இல் சீனாவின் தியான்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

ஹார்பினில் என்ன நடந்தது?

1910 டிசம்பரில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மர்மக் காய்ச்சல் பரவியது. பிடித்தால் சில நாள்களில் மரணம். அரசு வூவை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31.

இறந்த பெண் ஒருவரின் உடலை ரகசியமாகப் பிரேதப் பரிசோதனை செய்தார். அன்றைய சீனாவில் அது ரொம்பவே துணிச்சலான காரியம். நோய் பிளேக் என்று உறுதியானது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. இது மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சு வழியே பரவுகிறது என்றார் வூ.

பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த முகக்கவரியை அணியச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகக்கவரி இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார்; சில நாள்களில் பிளேக்கால் இறந்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வூ சொன்னதைக் கேட்டார்கள்.

கடினமான முடிவு எது?

ரயில் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. சரக்கு ரயில் பெட்டிகள் தனிமைப்படுத்தும் அறைகளாயின. ஆனால், உறைந்த மண்ணைத் தோண்ட முடியாமல் ஆயிரக்கணக்கான உடல்கள் வெளியே கிடந்தன. முன்னோரைப் புதைத்து வணங்கும் மக்களிடம் எரிக்கச் சொல்வது எப்படி? வூ அரச அனுமதி கேட்டுப் பெற்று, 1911 ஜனவரி இறுதியில் உடல்களை எரித்தார். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியா வட்டாரத்தில் சுமார் 60,000 பேர் இறந்திருந்தனர்.

பிறகு?

1935-இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஜப்பானியப் படையெடுப்பால் 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண டாக்டராக நோயாளிகளைப் பார்த்தார். 1960-இல் பினாங்கில் காலமானார்.

பிளேக்கைத் தருவது பாக்டீரியா, கோவிட்-19-ஐத் தருவது வைரஸ். மருந்துகள் வேறு. ஆனால், மருந்து கைக்கு வரும்வரை உயிரைக் காப்பது மூச்சுக்குப் போடும் தடுப்பும் மனிதருக்கிடையே விடும் இடைவெளியும்தான். மருந்தே இல்லாத காலத்தில் வூ நம்பியதும் அவற்றைத்தான்.